பன்னிரண்டில் ஒன்பது பாகம்

நண்டுக் கறி சாப்பிடுகிற மனிதனை அவசரப்படுத்தக் கூடாது. காலை உடைத்து, சதையை உறிஞ்சி, ஓட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, மறுபடி கறிக்குள் கை விட அவனுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். இரண்டு கையும் குழம்பில் இருக்கும். கவனம் வேறெங்கும் போகாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

லூக்காஸ், நடந்தது பற்றித் தெரிந்தவர்கள் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும் என்று கழகத் தலைவர் என்ற முறையில் எல்லா உறுப்பினருக்கும் கடிதம் அனுப்பியிருந்தீர்கள். இன்று பதின்மூன்றாவது நாள். என்னுடைய ஜேர்மன் இயந்திரங்களைப் பற்றிப் பேசப் போதும், மனிதரைப் பற்றி எழுதப் போதாது. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். மகள் தேனுஜா மொழிபெயர்த்துத் தருவாள். தேனுஜா, நீ இடையில் புகுந்து எதையும் அழகுபடுத்த வேண்டாம். அப்பா சொன்னதைச் சொன்னபடி போடு.

என் பெயர் கனகலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. பீலெஃபெல்டில் ஒரே தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் லேத் இயந்திரத்தில் நின்றவன். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் என் விரல் சொல்லிவிடும். ஆறு வருடத்துக்கு முன் உங்கள் கழகத்தின் வெஸ்டர்ன் பிரிவில் சேர்ந்தேன். தொப்பி போட்டு, சப்பாத்துக்கு முள்ளுச் சக்கரம் கட்டி, பழங்காலத் துவக்கால் இரும்புத் தகடுகளைச் சுட்டு விழுத்துவதும், யார் விரைவில் விழுத்துகிறார் என்று நேரமானியில் பார்ப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. பெயரை உச்சரிக்க ஏலாமல் எனக்கு 'டொக்டர் கே' என்று கௌபாய்ப் பெயர் வைத்தீர்கள். ஒரு மாதம் யோசித்து வைத்த பெயர் அது. நான் குறை சொல்லவில்லை.

றெக்ஸை நான்தான் கூட்டிவந்தேன். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. அவர் நகர பஸ் ஓட்டுநர். நாங்கள் இருவரும் எண்பத்தைந்தில் ஒரே கிழமையில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் கழகத்தில் அவருடைய பெயரைக் கேட்டுவிட்டு எல்லோரும் கைதட்டினீர்கள். கௌபாய்ப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பாராட்டினீர்கள். அது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று அவர் சொன்னபோது இன்னும் பலமாகக் கைதட்டினீர்கள். அதிலும் எனக்கு ஒன்றும் இல்லை.

இனித் துவக்கு விஷயத்துக்கு வருகிறேன். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளிச் சுடுகிற, சுத்தி வெளியே தெரிகிற அந்தப் பழைய பம்ப் துவக்கு ஒன்று எனக்கும் தேவைப்பட்டது. இரண்டு வழி இருந்தது. ஒன்று, நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் செய்த அசல். மற்றது, அதைப் பார்த்து அண்மைக் காலத்தில் சீனாவில் செய்த நகல். மூன்று மாதம் ஒரு கொப்பியில் இரண்டு பக்கம் போட்டு எழுதினேன். அசலில் நூறு வருடம் கைபட்டுக் கைபட்டு எல்லாம் வழுவழுப்பாக ஓடும். போட்டியில் அரை விநாடி மிச்சம். ஆனால் தோட்டா இருக்கிற பழைய அறை சில வேளை நீளம் குறைவாக இருக்கும், இன்றைய தோட்டாவைப் போடுமுன் துவக்குக் கம்மியரிடம் காட்டவேண்டும். உடைந்தால் பாகம் தேடி அலையவேண்டும். நகலில் இரும்பு புதிது, பயமில்லாமல் சுடலாம், உடைந்தாலும் ஒருவரும் அழப்போவதில்லை. ஆனால் புதுச் செருப்புப் போல இறுக்கம், கரகரப்பு. புள்ளி போட்டுப் பார்த்தேன். அசலுக்குப் பதினான்கு, நகலுக்கும் பதினான்கு.

மிண்டன் பக்கத்தில் ஒரு கிழவரின் கடையில் இரண்டும் இருப்பதாக விளம்பரம் பார்த்ததும் நான்தான். துணைக்கு வாரும் என்று றெக்ஸைக் கூப்பிட்டேன். கிழவர் பச்சைத் துணி விரித்து இரண்டு துவக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அசலின் தோளில் அணைக்கிற மரக் கட்டையில் யாரோ ஒருவர் எப்போதோ கத்தியால் E.M. என்று இரண்டு எழுத்துக் கீறியிருந்தார். நான் முன்பிடியை இழுத்துப் பார்த்தேன். நெய்யில் விரல் விட்டது போல் போய் வந்தது. ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பொருள் வாங்குகிறவன் அப்படித்தான் சொல்லவேண்டும்.

றெக்ஸ் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு இது வேண்டாமோ?"

"யோசிக்கவேணும். அவசரப்பட ஏலாது."

"அப்ப நான் எடுக்கட்டோ?"

கிழவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தில் தம்பி போல இருக்கிறவர் கேட்கும்போது மூத்தவன் என்ன சொல்லுவான்? "எடும், எடும்" என்றேன். தோளிலும் தட்டினேன். அவர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தார். கொப்பி இல்லை, புள்ளி இல்லை, ஒன்றும் இல்லை. ஆயுத அட்டையில் பதிவதற்கான கடதாசி வேலை முடிந்ததும் அவர் அசலைக் கொண்டுபோனார், நான் நகலைக் கொண்டுபோனேன். எனக்கு அதில் துளியும் கோபம் இல்லை. இதைத் தேனுஜா அடிக்கோடிட்டு எழுதவும்.

அதன்பிறகு சனிக்கிழமை வழக்கம் ஒன்று உண்டானது. அவருடைய மனைவி கஜந்திக்கு முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை வேலை. ஆகவே பயிற்சி முடிய றெக்ஸ் எங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டின் கீழே, கெல்லர் என்கிற நிலவறையில், பூட்டுப் போட்ட என் பட்டறை அறை. அங்கே இரண்டு துவக்கையும் கழற்றித் துடைப்பது என் வேலை. மேலே என் மனைவி பாலாம்பிகை சமைத்து வைத்திருப்பாள். அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: துவக்கு எண்ணெயோடு ஒருவரும் சமையலறைக்கு வரக்கூடாது, கறிக் கையோடு ஒருவரும் பட்டறைக்குப் போகக்கூடாது. நல்ல சட்டம். றெக்ஸ் மேலே, நான் கீழே.

"அண்ணைன்ரை கை பொன் கை. நான் துடைச்சால் ரெண்டு ஆணி மிச்சம் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போவார்.

எங்கள் ஆட்களின் வீட்டில் சாப்பாடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, லூக்காஸ். விருந்தாளி மூன்று தரம் போதும் என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரி மூன்று தரமும் அதைக் கேளாதது போல் போடவேண்டும். இடையில் எழும்பிப் போனால் சமையல் சரியில்லை என்று பொருள். றெக்ஸ் மரியாதை தெரிந்தவர். அதனால் எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நிச்சயமான அரை மணி நேரம் கிடைத்தது.

முதலில் ஒரு திருகாணி. அது ஒரு விபத்து என்றே சொல்லலாம். இரண்டு துவக்கும் மேசையில் பிரிந்து கிடந்தன, இரண்டு ஆணியும் ஒரே மாதிரி. அசல் ஆணியைக் கையில் எடுத்தேன். அதன் தலை தேய்ந்து, ஒரு பழைய காசு போல் இருந்தது. என் துவக்கில் பூட்டிப் பார்த்தேன், பொருந்தியது. என்னுடையதை அவருடையதில் பூட்டினேன், அதுவும் பொருந்தியது. மேலே பாலாம்பிகை "இன்னும் ரெண்டு இடியப்பம், றெக்ஸ் தம்பி" என்று சொல்வது கேட்டது. திருப்பி மாற்ற நேரம் இருந்தது. மாற்றவில்லை.

பாகங்கள் களவு போயிருக்கலாம் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. களவெடுப்பவன் எடுத்துக்கொண்டு போவான். நான் ஒவ்வொரு முறையும் எடுத்ததற்குப் பதிலாகப் புதியது ஒன்றை வைத்தேன். நூறு வருடப் பழசுக்குப் பதில் புத்தம் புதுசு.

சட்டத்தையும் நான் மீறவில்லை. அதற்குரிய அலுவலகத்தில் நாளும் நேரமும் குறித்து Termin எடுத்துப் போய், துவக்கில் எந்தப் பாகங்கள் பதிவுக்குரியவை என்று விசாரித்தேன். குழல், பூட்டு, கூடு. இந்த மூன்றிலும் நம்பர் இருக்கும், அதை மாற்றினால் குற்றம். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மூன்றையும் நான் இன்றுவரை துடைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. இடியப்பத்துக்குத் திருகாணிகள் மூன்று. பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்த நாள் அடித்தகடு. ஆட்டிறைச்சிக்கு விசையும் வில்லும், இரண்டு கிழமையாக. ஒரு சனிக்கிழமை அளவெடுப்பேன், கிழமை முழுக்க என் பாகத்தை அராவி வைப்பேன், அடுத்த சனிக்கிழமை மாற்றுவேன். புது இரும்பின் பளபளப்புப் போகப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே புளி உருக்கைக் கறுப்பாக்கிவிடும். சுத்தியை மாற்றிய நாள் என்ன சாப்பாடு என்று ஞாபகம் இல்லை. பாலாம்பிகையிடம் கேட்கலாம் என்றால், அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

முன்பிடிக்கும் பின்கட்டைக்கும் அதிக நேரம் தேவைப்பட்டது. அப்போதுதான் நண்டு ஞாபகம் வந்தது.

"இஞ்சருங்கோ, போன கிழமையும் நண்டு, இந்தக் கிழமையும் நண்டோ?" என்று பாலாம்பிகை கேட்டாள்.

"றெக்ஸுக்கு நல்ல விருப்பம். பாவம், தனியச் சாப்பிடுற மனிசன்."

அவளுடைய முகம் அப்படியே மலர்ந்துபோனது. இந்த மனிதனுக்குள் இவ்வளவு பாசமா என்று நினைத்திருப்பாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

கட்டைக்குத்தான் பாடுபட்டேன். என் நகலின் மரத்தைக் கடும் சாயத் தேநீரில் நனைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, ஆறு கிழமை தேய்த்தேன். E.M. என்ற எழுத்தைக் கீற நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. E சுகம். M-இன் நடுக்கோணல்தான் படுத்திவிட்டது. முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே எது எதுவென்று ஒரு கணம் தெரியவில்லை. முப்பத்தொரு வருடத் தொழிலில் நான் செய்த மிகத் திறமான வேலை அதுதான், ஆனால் ஒருவரிடமும் காட்ட முடியவில்லை. என் துவக்கில் ஏறிய அசல் கட்டையின் எழுத்துகளை அரக்கு வைத்து அடைத்து, மேலே தோல் சுற்றிவிட்டேன்.

கழகத்துக்கு யார் புதிதாக வந்தாலும் றெக்ஸ் தன் துவக்கைக் காட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். E.M. என்றால் எலீசா மொறிசன், ஒரு ஷெரீபின் விதவை, கோழிக் கள்ளரைச் சுட வைத்திருந்தாள் என்று அவராகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தார். கட்டை மாறிய பிறகும் அந்த எழுத்தைப் பெருவிரலால் தடவித் தடவி அதே கதையைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். அவருடைய சந்தோஷத்தில் எதுவும் குறையவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படியானால் நான் அவரிடமிருந்து எதைத்தான் எடுத்தேன்? பதில் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் நடந்தது. துவக்கு இறுகிப்போனதால் அவருடைய நேரம் கூடிக்கொண்டு வந்தது. துவக்கைச் சந்தேகிக்கவில்லை, அந்த மனிதன் தன்னையே சந்தேகித்தார். கண்ணாடி மாற்றினார். தோள்மூட்டைப் படம் எடுக்கப் போனார். ஒருநாள் கை கழுவிவிட்டு வந்து என் முன்னால் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, எனக்கு வயசு போட்டுது போலை. கை முந்தி மாதிரி ஓடுதில்லை. விட்டிடுவமோ எண்டு யோசிக்கிறன்."

"விசர்க் கதை கதையாதையும். பழகினால் சரிவரும்" என்றேன். ஆறுதல் சொல்ல வேண்டியது மூத்தவனுடைய கடமை. அவரும் அதைக் கேட்டுக் கிழமைக்கு மூன்று நாள் வந்து பழகினார். பஸ் ஓட்டிக் களைத்த உடம்போடு வந்து, தோட்டா போடாமல் முன்பிடியை இருநூறு தரம் இழுத்துத் தள்ளிவிட்டுப் போவார். என் துவக்கு அந்தக் காலத்தில் நெய்யாக ஓடியது. நான் கிழமைக்கு ஒருநாள்தான் பழகினேன்.

கழகத்தின் நூறாவது ஆண்டுப் போட்டி வந்தது. அசலுக்கு ஒரு பிரிவு, நகலுக்கு ஒரு பிரிவு, அசலுக்கு மட்டும் வெள்ளிக் கோப்பை என்று அறிவித்தீர்கள். வழக்கம்போல் நகலில் பெயர் பதிந்தேன். போட்டியன்று காலை நீங்கள் ஏறி நின்று ஒரு பட்டியல் வாசித்தீர்கள். பழைய துவக்கில் ஒன்றிரண்டு ஆணி மாறித்தான் இருக்கும், ஆகவே பன்னிரண்டு பாகத்தில் குறைந்தது எட்டு அந்தக் காலத்ததாக இருந்தால் அது அசல், குறைந்தால் நகல், வெல்பவரின் துவக்கைக் கோப்பை கொடுக்குமுன் கழற்றிப் பார்ப்போம் என்றீர்கள். நீங்கள் வரிக் கணக்காளர், உங்களுக்குப் பட்டியல் பிடிக்கும். நான் காற்சட்டைப் பைக்குள் விரல் மடக்கினேன். மூன்று ஆணி, அடித்தகடு, விசை, வில், சுத்தி, முன்பிடி, கட்டை. ஒன்பது.

அந்த நேரம் ஓடிப்போய் றெக்ஸிடம் சொல்லியிருக்கலாம். அவர் முப்பது அடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் பிராட்வுர்ஸ்ட் சொசேஜ் வாங்குகிற வரிசையில் என் முறை வந்துவிட்டது.

றெக்ஸ் முப்பத்தெட்டு விநாடியில் முடித்தார். அசல் பிரிவில் முதலிடம். நான் நாற்பத்தொன்று, நகல் பிரிவில் ஐந்தாவது. அவர் தொப்பியை எறிந்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அண்ணை, நீங்கள் சொல்லாட்டி நான் விட்டிருப்பன்" என்றார். அழுதார். பிறகு நீங்கள் துவக்கைக் கழற்றினீர்கள்.

பன்னிரண்டில் மூன்று. கட்டையில் இருந்த எழுத்து, புதுக் கத்தியால் கீறியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நாளும் எலீசா மொறிசன் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஒருவரும் அன்று சிரிக்கவில்லை. ஏமாற்றுக்காரன் என்று யாரோ ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. அவர் தொப்பியைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே நின்றார்.

அவரைக் கழகத்தை விட்டு நீக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கழகம் இல்லையென்றால் துவக்கு வைத்திருக்கக் காரணம் இல்லை, காரணம் இல்லையென்றால் அட்டை இல்லை. அந்த மனிதனுக்கு ஸ்டியரிங்கை விட்டால் இந்தக் கழகந்தான். உங்கள் விசாரணையில் அவர் சொன்னதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள்: என் துவக்கைத் தொட்டவர்கள் இரண்டே பேர், நானும் கனகலிங்கம் அண்ணையும். அண்ணை செய்யமாட்டார். ஆகவே கடைக்காரர்தான் ஏமாற்றியிருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் எனக்கும் போன் எடுத்தார். "அந்தக் கிழவனை நம்பினன் அண்ணை. வழக்குப் போடவோ?" என்று கேட்டார். போடுவது நல்லது என்றேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். றெக்ஸ் அப்படி நினைக்கிற மனிதர்.

மூன்று நாளைக்கு முன் பாலாம்பிகைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"அந்த மனிசன் என்ரை கையாலை வாங்கித் திண்டது. 'அக்கா, இப்பிடி ஒரு கறி நான் எங்கையும் சாப்பிடேல்லை' எண்டு சொல்லிச் சொல்லித் திண்டது. நான் சோறு போடுறன் எண்டெல்லோ நினைச்சன். உங்களுக்குக் காவல் இருந்திருக்கிறன். என்னையும் கள்ளியாக்கிப் போட்டியள். வெக்கமாயில்லையோ உங்களுக்கு?"

அன்றிலிருந்து வீட்டில் சமையல் இல்லை. நான் கடைப் பாண் சாப்பிடுகிறேன். பொறாமை என்றும் ஒரு சொல் சொன்னாள். இருபத்தெட்டுப் புள்ளி போட்டு ஆராய்ந்து நகலைத் தெரிவுசெய்தவனுக்கு யார்மீது பொறாமை? நியாயமான மனிதன் எதையும் அளந்துதான் செய்வான். நானும் அளந்துதான் செய்தேன்.

ஆகவே முழுப் பொறுப்பும் என்னுடையது. றெக்ஸ் குற்றமற்றவர், கடைக்காரக் கிழவரும் குற்றமற்றவர். றெக்ஸைக் கழகத்திலிருந்து நீக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அவர் வாசிக்கும்போது கொஞ்சம் கவலைப்படுவார். ஆனால் ஒன்பது புதுப் பாகங்கள் தன் துவக்கில் இருப்பதை யோசித்துப் பார்த்தால் நாளடைவில் எனக்கு நன்றி சொல்வார் என்றே நம்புகிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். உங்கள் பட்டியலின்படி என் துவக்கு, பன்னிரண்டில் ஒன்பது, அசல். பதிவுப் படிவத்தில் நான் பிழையான கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டேன், அவ்வளவுதான். அசல் பிரிவில் றெக்ஸுக்கு அடுத்தவர் என்று இப்போது கோப்பை உங்கள் வீட்டில் இருக்கிறது, உங்களுடைய நேரம் நாற்பத்துநான்கு விநாடி. என்னுடையது நாற்பத்தொன்று. றெக்ஸின் முப்பத்தெட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; அவர் சுட்டது நகல் துவக்கால்.